சன்மானம் வேண்டாம், கூலி கொடுங்கள்

தமிழில் எழுத்துக்குக் கொடுக்கும் பணத்தின் பெயர் சன்மானம். மரியாதை என்று பொருள். மரியாதை, கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது. கூலி, செய்த வேலையைப் பொறுத்தது. 'கௌரவ விரிவுரையாளர்' என்ற பதவியில் காலம் தள்ளும் பெண்களைக் கேளுங்கள், கௌரவம் முன்னால் வந்தால் சம்பளம் எப்படிச் சுருங்கும் என்று சொல்வார்கள்.

வை. மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய 'ஜகன்மோகினி' பற்றி ஒருத்தி பத்துப் பக்கம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் ஆவணக் காப்பகம் என்று அலைய வேண்டும். தங்குமிடம், நகல் செலவு, ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். ஒரு தேதியைச் சரிபார்க்கவே சில நேரம் ஒரு வாரம் போய்விடும். இதழ் வெளிவந்ததும் அச்சகத்துக்குப் பணம், தாளுக்குப் பணம், தபாலுக்குப் பணம். அவளுக்கு மட்டும் இரண்டு பிரதிகள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. சமையலுக்குக் கூலி கேட்டால் பாசமில்லாதவள். எழுத்துக்குக் கூலி கேட்டால் இலக்கியத்தின் மேல் பற்றில்லாதவள். வீட்டில் பழகிய சுரண்டல்தான் பத்திரிகை அலுவலகத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கையைக் கடித்துக்கொண்டு வரும் சிற்றிதழ்களோடு எனக்குச் சண்டையில்லை. பணமில்லை என்று முதலிலேயே சொல்லட்டும், எழுதுவதா வேண்டாமா என்று அவள் முடிவுசெய்வாள். பக்கம் பக்கமாக விளம்பரம் வாங்கிவிட்டு, மார்ச் 8க்கு நான்கு நாள் முன்பு போன் செய்து, "ஆய்வுபூர்வமா ஒரு கட்டுரை வேணும் மேடம்" என்பவர்களோடுதான் சண்டை. எவ்வளவு தருவீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். "உங்களுக்குத்தான் சம்பளம் வருதே மேடம்" என்றார்.

வருகிறது, பாடம் நடத்துவதற்கு. அந்தச் சம்பளத்தைக் காட்டி நான் இலவசமாக எழுதிக்கொடுத்தால், முனைவர் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கும் பெண்ணின் எழுத்துக்கு விலையே இல்லாமல் போகும். ஆகவே மாதச் சம்பளக்காரிகள்தாம் முதலில் காசு கேட்க வேண்டும். இல்லையென்றால் சம்பளமோ சொத்தோ கணவன் வருமானமோ உள்ளவர்கள் மட்டுமே நம் வரலாற்றை எழுதுவார்கள். மற்றவர்களின் பாட்டிமார்களைப் பற்றி ஒரு வரியும் மிஞ்சாது.

புலவர் காசுக்குப் பாடுவதா என்று உடனே தமிழ் மரபைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் படித்த மரபு வேறு. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் நகை செய்துகொள்ள ஒன்பது கா பொன்னும், நூறாயிரம் காணமும் கொடுத்ததாகப் பதிகம் கணக்குச் சொல்கிறது. அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவை வாயிற்காவலனிடமே சொல்லிவிட்டு வேறு ஊர் கிளம்பத் துணிந்தாள். பரிசில் கேட்பதற்கென்றே 'பரிசில் கடாநிலை' என்று ஒரு துறை வைத்திருந்த மொழி இது. கேட்கக் கூச வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்தது யார்?

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதிலிருந்து தனி அறையை மட்டும் எடுத்து மேடைதோறும் பேசுகிறோம். அதே நூலில் அவர் கேட்ட, ஆண்டுக்கு ஐந்நூறு பவுன் வருமானத்தை வசதியாக மறந்துவிடுகிறோம். ஓட்டுரிமையைவிட அந்தப் பணம்தான் பெரிதாகத் தெரிந்தது என்று கூசாமல் எழுதியவர் அவர்.

எழுத ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள்: எவ்வளவு, எப்போது, பயணத்துக்கும் நகலுக்கும் தனியாக உண்டா, பிறகு தொகுப்பில் சேர்த்தால் மறுபடியும் தருவீர்களா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிலிருந்து எழுதித் தருபவளின் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் பொதுவாக அவளே. அவள் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் அந்த உரிமை கைமாறாது. கைமாறும்போதும் காலம் குறிக்கவில்லையென்றால் ஐந்து ஆண்டுகள்தான்.

பதில் வரும்வரை நூலகத்துக்குப் பஸ் ஏறாதீர்கள்.