உங்கள் வீட்டில் ஒலிக்கும் குரல்



ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது வந்து முன்வரிசையில் அமரும் தாயார் ஒருவரை மூன்று வாரங்களாகக் காணவில்லை. ஆகவே, அவரது இல்லத்தைத் தேடிச் சென்றேன். அறுபது வயதைக் கடந்தவர். நெடுங்காலமாக நீரிழிவு நோய்க்கு மருந்துண்பவர். பிள்ளைகள் வெளிநாட்டில். கட்டிலில் சோர்ந்து கிடந்த அவரது பாதத்திலே ஆறாத புண்ணொன்று இருந்தது. மேசை மீது, வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகள் உறை பிரிக்கப்படாமலே கிடந்தன. காரணம் கேட்டேன்.

"சுவாமி, எனக்குச் சுகம் கிடைச்சிட்டுது எண்டு போனில அந்தப் போதகர் சொல்லிப்போட்டார். இனிக் குளிசை போட்டால் விசுவாசம் இல்லையெண்டுதானே அர்த்தம்?"

அந்தப் போதகர் இவரை ஒருநாளும் கண்டதில்லை. இவரது பெயரையோ நோயையோ அறிந்தவருமல்லர். மகன் அனுப்பிய கைத்தொலைபேசியின் திரையில், ஆயிரக்கணக்கானோரை நோக்கி ஒரே வேளையில் உரைத்த வார்த்தையைத் தமக்கென்றே இறைவன் அனுப்பியதாக இத்தாயார் ஏற்றுக்கொண்டார். அன்று மாலையே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். கால் தப்பியது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு உண்டான கோபத்தை மறைக்க மாட்டேன். எனினும், சில நாட்களின் பின் வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்தபோது அவர் கேட்ட கேள்வி என் கோபத்தைத் திசைதிருப்பிவிட்டது. "பின்னேரத்தில தனிய இருக்கிறன் சுவாமி. வேறு ஆர் எனக்கு வேதத்தைச் சொல்லித் தந்தது?" அவர் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை, உண்மையைச் சொன்னார். எமது பங்கில் நல்ல நூல்கள் நிறைந்த அலுமாரி ஒன்று உண்டு. அது பூட்டியே கிடந்தது. திறப்பு என்னிடந்தான் இருந்தது.

எமது மூதாதையர் இவ்விடயத்தில் எம்மைவிட விழிப்பாய் இருந்தனர் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் நடமாடுவதே தடைசெய்யப்பட்டிருந்தது. 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த புனித யோசவ் வாஸ் அடிகளார் ஒரு கிராமத்தை விட்டுச் சென்றால், மறுபடி வருவதற்கு மாதங்கள் கழியும். அக்காலத்தில் மூப்பரும் அண்ணாவியாரும் மக்களைக் கூட்டிச் செபங்களை வாசித்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதினார். பிரதி செய்யப்பட்ட அந்நூல்கள் ஊரூராய்ச் சென்றன. குருவானவர் இல்லாத இடத்தில் நூல் அவரது குரலாய் இருந்தது. ஆனால் அது யாருடைய குரல் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். எழுதியவர் தங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். தங்களோடு பட்டினி கிடந்தவர்.

என் சிறுபராயத்தையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவின் வலுவிலே வானொலி கேட்டோம். மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பைக் கேட்க அயலிலுள்ள சைவ சமயத்தவரும் எங்கள் முற்றத்தில் கூடுவர். என் கை வலித்தால் தம்பி சுற்றுவான். ஒலிபரப்பு முடிந்ததும் பெரியவர்கள் அதைப்பற்றிப் பேசுவார்கள். விளங்காததை ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தையிடம் கேட்பார்கள். தேடிக் கேட்டோம், கூடியிருந்து கேட்டோம்.

இன்று தேட வேண்டியதில்லை. யூரியூப்பில் ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததை எடுத்து வைப்பது இயந்திரம். நாம் எதனை நீண்டநேரம் பார்த்தோம் என்பதைக் கணக்கிட்டு, அதனைப் போன்றதையே அது மீண்டும் தருகிறது. உண்மை எது, போலி எது என்பது அதன் கவலையன்று. ஒருமுறை அச்சத்தினால் ஒரு 'தீர்க்கதரிசனத்தை' முழுமையாய்க் கேட்டவருக்கு மறுநாள் ஐந்து தீர்க்கதரிசனங்கள் வந்து நிற்கும். 2025 மே 8ஆம் திகதி பதினான்காம் சிங்கராயர் திருத்தந்தையாய்த் தெரிவுசெய்யப்பட்டார். அந்த மாதம் முடிவதற்குள், அவர் புர்கினா பாசோ நாட்டுத் தலைவரைப் புகழ்ந்து பேசுவதுபோன்ற காணொளி ஒன்று செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கப்பட்டுப் பரவியது. அது போலியென வத்திக்கான் அறிவிக்க வேண்டியதாயிற்று. திருத்தந்தையின் முகமும் குரலுமே இவ்வாறு திருடப்படும்போது, 'நான் கண்ணாலே பார்த்தேன் சுவாமி' என்ற சாட்சி போதாது.

இறைவார்த்தை எடுத்தாளப்படுகிறது என்பதும் தனித்து ஒரு சான்றாகாது. பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதித்தவனும் திருப்பாடலிலிருந்துதான் எடுத்துரைத்தான். 2018ஆம் ஆண்டு உலகத் தொடர்பாடல் நாளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் பொய்ச் செய்திகளைப் பற்றி எழுதியபோது, தொடக்கநூலின் பாம்பை உதாரணமாய்க் காட்டினார். முழுப் பொய்யை எவரும் நம்பார். பாதி உண்மையோடு வருவதே ஆபத்தானது.

அவ்வாறாயின் நூலையும் ஒலிபரப்பையும் எவ்வாறு தெரிந்தெடுப்பது? முதலில் கேட்க வேண்டியது, இதற்குப் பொறுப்புக் கூறுபவர் யார் என்பதே. கத்தோலிக்க மறைக்கல்வி நூல்களின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஆயரின் அச்சிடும் அனுமதி சிறிய எழுத்தில் இருக்கும். விசுவாசத்திற்கு முரணான எதுவும் அதில் இல்லை என்பதே அதன் பொருள். நூல் சுவையானது என்று ஆயர் உறுதியளிப்பதில்லை. (அனுமதி பெற்ற நூல்களில் உறக்கம் வரவைப்பவை பல உண்டென்பதை நானும் அறிவேன்.) காணொளிகளுக்கு இத்தகைய முத்திரை பெரும்பாலும் இல்லை. ஆகையால் பேசுபவர் எந்த மறைமாவட்டத்தவர், எந்தத் துறவற சபையினர், தவறினால் அவரைத் திருத்த ஒருவர் உண்டா என்று விசாரிக்க வேண்டும். எவருக்கும் கணக்குக் கொடாது, வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் திரையில் கொடுப்பவரைக் குறித்து நான் விளக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போது பிறசபைச் சகோதரர் அனைவரையும் ஒரே தராசில் வைப்பதாய் எவரும் எண்ணலாகாது. திருமறையை ஆழக் கற்று, நேர்மையாய்ப் போதிக்கும் மேய்ப்பர்கள் அவர்களிடையே உளர். நாம் இன்று திருப்பலியில் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பே கத்தோலிக்கரும் அவர்களும் சேர்ந்து உழைத்ததன் கனியாகும். மறுபுறம், எம்மவரும் சளைத்தவர்களல்லர். 'இச்செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிடில் தீங்கு நேரும்' என்று அன்னை மரியாளின் படத்தோடு வட்ஸ்அப்பில் சுற்றுவது எவரது கைங்கரியம்? அதை எனக்கே அனுப்பியவர்கள் எமது பங்கின் பக்திச் சபை அங்கத்தவர்கள்!

அடுத்ததாக, அந்த நூலோ நிகழ்ச்சியோ கேட்டவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். எங்கள் தாயாரை அது திருப்பலியிலிருந்தும் அயலவரிடமிருந்தும் வைத்தியரிடமிருந்தும் பிரித்து, ஒரு திரையின் முன் தனியே இருத்தியது. அவரது வீட்டிலிருந்த வேதாகமத்தையும் எடுத்துப் பார்த்தேன். யாரோ வாசலில் கொடுத்துச் சென்ற, அறுபத்தாறு நூல்கள் கொண்ட பதிப்பு. எமது திருவிவிலியத்தின் எழுபத்துமூன்று நூல்களுள் ஏழு அதில் இல்லை. அந்த ஏழில் ஒன்று சீராக்கின் ஞானம். மருத்துவரையும் ஆண்டவரே ஏற்படுத்தினார், மண்ணிலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தவரும் அவரே, அறிவுள்ளோர் அவற்றை வெறுக்கார், நோயுற்றபோது செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்று அதன் முப்பத்தெட்டாம் அதிகாரம் விரிவாய்க் கற்பிக்கிறது. அவருக்குத் தேவைப்பட்ட பக்கம் அவர் கையிலிருந்த வேதாகமத்தில் இல்லை. அதைக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

பெற்றோரே, உங்கள் வீட்டுத் திருவிவிலியத்தில் தோபித்தும் சீராக்கும் மக்கபேயரும் உண்டா என்று இன்றே பாருங்கள். இறந்தோருக்கான திருப்பலியில் மக்கபேயர் நூலிலிருந்து வாசகம் வரும்போது, 'எங்கள் வேதத்தில் இது இல்லையே' என்று பிள்ளைகள் கேட்டால் திகைக்காதிருப்பீர்கள். சிற்றலையில் ஒலித்த வெரித்தாஸ் 2018இல் இணையத்திற்கு மாறியது; அதன் தமிழ்ப் பணியை இப்போது கைத்தொலைபேசியிலேயே பெறலாம். வத்திக்கான் செய்தியின் தமிழ்ப் பக்கமும் அவ்வாறே. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம்: அம்மாவுக்குத் தொலைபேசி அனுப்பும்போது, அதில் எதைக் கேட்பது என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். வாரத்தில் ஒருநாளாவது அவரோடு சேர்ந்து கேளுங்கள்.

எமது பங்கின் அலுமாரி இப்போது ஆலய முகப்பில் திறந்தே இருக்கிறது. இதுவரை மூன்று நூல்கள் திரும்பி வரவில்லை. வாசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அத்தாயாருக்குப் பெரிய எழுத்துத் திருவிவிலியம் ஒன்று கொடுத்தோம். அயல்வீட்டில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வந்து வாசித்துக் காட்டுகிறாள். அவள் வேகமாய் வாசிக்கிறாள் என்பது தாயாரின் முறைப்பாடு. சென்ற வாரம் நான் போனபோது திருவிவிலியம் மேசைமீது இருந்தது. சீராக் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் அடையாளத்துக்காக ஒரு தாள் செருகப்பட்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன்: கிளினிக் துண்டு. செவ்வாய்க்கிழமை அதை மறவாது எடுத்துச் செல்லும்படி சொல்லிவிட்டு வந்தேன்.