சுமையோடு போன தாய்மார்



பேய்க்கதை என்றால் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்வது என்றே எண்ணுகிறோம். ஆனால் பல நாட்டுப் பேய்க்கதைகளைக் கேட்டுப் பார்த்தால் அவற்றில் ஒருத்தி திரும்பத் திரும்ப வருகிறாள். அவள் பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்.

தாய்லாந்தில் அவள் பெயர் மே நாக். 'மே' என்றால் அந்நாட்டு மொழியில் அம்மா. கணவன் போருக்குப் போய்விட, நிறைமாதத்தில் தனித்திருந்தவள் பிரசவத்தில் பிள்ளையோடு இறந்தாள். கணவன் திரும்பி வந்தபோது மனைவியும் குழந்தையும் வீட்டில் காத்திருந்தார்கள். அயலவர் சொல்லியும் அவன் நம்பவில்லை. ஒருநாள் அவள் உரலில் இடிக்கையில், தேசிக்காய் ஒன்று பலகை இடுக்கால் வீட்டின் கீழே விழுந்தது. இருந்த இடத்திலிருந்தே கையை நீளமாக நீட்டி அதை எடுத்தாள். அதைக் கண்டு அவன் ஓடினான். பின்னர் மந்திரவாதி ஒருவர் அவளை மண்பானையில் அடைத்துத் தண்ணீரில் விட்டாராம்.

பாங்கொக்கில் மகாபுத் விகாரையில் அவளுக்கு ஒரு சந்நிதி உண்டு. அங்கே உடுப்பும் அவள் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்களும் வைத்து வேண்டுகிறார்கள். இராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் தாம் தெரிவாகக்கூடாது என்று இளைஞர்களும் அவளிடம் வருகிறார்கள். போரினால் கணவனைப் பிரிந்தவளுக்கு அது விளங்கும் என்ற நம்பிக்கை போலும்.

மலாய் நாட்டில் இவளைப் பொந்தியானாக் என்பர். எமது நாட்டில் வெள்ளை உடுத்து, கையில் பிள்ளையோடு இரவில் வழிமறிக்கும் மோகினியின் கதை உண்டு. யாழ்ப்பாணப் பக்கத்தில் பேறு நடந்த வீட்டைச் சுற்றும் கொத்தியைச் சொல்வார்கள். தமிழர் இன்னொன்றும் செய்தார்கள். கர்ப்பிணியாக இறந்தவளின் நினைவாக வீதியோரம் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி ஆறினால், அவளுடைய வயிற்றுச் சுமையும் ஆறும் என்று நம்பினார்கள்.

இக்கதைகள் ஏன் எங்கும் இருக்கின்றன? பிரசவத்தில் பெண்கள் இறப்பது எங்கும் நடந்தது. இலங்கையில் 1930களின் நடுப்பகுதியில் 1,00,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். மருத்துவமாதுக்கள் வீடுவீடாக வந்தார்கள். இலவச ஆஸ்பத்திரிகள் பெருகின. 1950 அளவில் அத்தொகை 500-600 ஆகக் குறைந்தது. அண்மைய ஆண்டுகளில் அது 30 அளவில் உள்ளது.

யுத்த காலத்தில் எமது பக்கத்துப் பெண்களுக்கு அந்த ஆஸ்பத்திரியும் எட்டாமற் போன இரவுகள் இருந்தன. தம்பலகாமத்தில் ஒரு அம்மாவிடம் இக்கதைகளைப் பற்றிக் கேட்டேன். "பேயும் இல்ல, ஒண்டும் இல்ல மகள். அண்டைக்கு றோட்டுத் திறந்திருந்தா எங்கட பிள்ளை இருந்திருப்பாள்" என்றார்.

உயிரோடு இருப்பவளையும் நாம் சிலவேளை பேயாக்கி விடுகிறோம். பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், பிள்ளையைத் தூக்க மறுத்தால், காணாமற் போன கணவனின் குரல் கேட்கிறது என்றால், "பிடிச்சிட்டுது" என்கிறோம். வேப்பிலையால் அடிப்பதும் பட்டினி போடுவதும் நடக்கிறது. பிரசவத்தின் பின் மனச்சோர்வு வருவது எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடியது, சிகிச்சையால் குணமாகும்.

கோயிலில் நூல் கட்டுவது மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள். ஆனால் அழுகையும் நித்திரையின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். இல்லாத குரல்கள் கேட்டாலோ, தன்னையோ பிள்ளையையோ வருத்தப் போவதாகச் சொன்னாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள்.

இறந்தவளுக்குக் கல் நாட்டிய சமூகம் நாம். உங்கள் அயலில் இம்மாதம் பிள்ளை பெற்றவள் இருந்தால் ஒரு மணித்தியாலம் போய் அவளோடு இருங்கள். பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு, அவளைச் சற்று நித்திரை கொள்ள விடுங்கள்.