நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குப் பின்

சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். கங்கைகொண்டானிலிருந்து வள்ளியூர் வரை நம் மாவட்டத்தைப் பிளந்து ஓடும் நான்குவழிச் சாலையில் அடிபட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையில் பிழைத்தெழுந்தோர் பலர். ஆனால் தோழர்களே, 49-ஆவது மணி நேரத்தில் அந்த மனிதரைத் தொடப்போவது யார்?

தொடுதலா, அதுவும் ஒரு வைத்தியமா என்று சிரிக்க வேண்டாம். உடல் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் விதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் ஆகியோருக்கே 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மெல்ல வருடும் கைக்கென்றே விடையளிக்கும் நரம்பிழைகள் நம் தோலில் தனியே உள்ளன. விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாக விழித்துக்கொள்ளும். தாய் தலைகோதும் வேகம் ஏறத்தாழ அதுதான்!

தண்டுவடம் முறிந்தவரின் நிலையோ வேறு. நாம் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்கி இரத்தம் தடைப்பட்டால், வலி நம்மைப் புரட்டிவிடுகிறது. அவருக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை. தோல் அப்படியே செத்துப் புண்ணாகிறது. தொடுதலை உணராத உடலுக்குத்தான் பிறர் தொடுதல் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, வால் எலும்பு ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். விரிப்பின் சுருக்கத்தை நீவ வேண்டும். மூட்டுகள் இறுகாதபடி மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். தொடுமுன் தொடப்போகிறேன் என்று சொல்ல வேண்டும், அவரும் மனிதர்தானே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, சித்தப்பா விபத்துக்குப் பின் வீடு திரும்பியபோது மருத்துவமனைச் சீட்டைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மாத்திரைகளின் பெயர் இருந்தது. மறுபடி வரவேண்டிய தேதி இருந்தது. புரட்டிப் போடுவது பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாம் வாரம் வால் எலும்பின் மேல் சிவந்தது. பீடி சுற்றிப் பிழைக்கும் சித்தி, பாசத்தோடு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தார். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. வீங்கிய கெண்டைக்காலையும் பிடித்துவிடக் கூடாது, உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். இதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்த செவிலியர்தான் பிறகு கற்றுக்கொடுத்தார். பீடி இலையின் பதத்தை விரல் நுனியால் அறிகிற சித்திக்கு அதைக் கற்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று.

பிழைத்தவர் என்னவெல்லாம் ஆகலாம்? வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மரத்துப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். நம் பக்கத்து ஆய்க்குடியை எண்ணிப் பாருங்கள். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ‘அமர்’ என்பது அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். இப்படிப்பட்டவர்களின் ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் தூக்கி அமர்த்திய, துடைத்துவிட்ட கைகள் உண்டு. அந்தக் கைகளின் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை.

தொடுவதற்கும் சாதி பார்த்த மண் இது. மலமும் சீழும் துடைக்கிற வேலை இழிவு என்ற நினைப்பு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அதைக் கல்வி என்று கருத நமக்குத் தோன்றவில்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், உடனிருப்பவருக்கு ஒரு மணி நேரமாவது செவிலியர் செய்துகாட்ட வேண்டும். அவர் தன் கையால் செய்துகாட்டிய பிறகே சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஏற்றபடி செவிலியர் எண்ணிக்கையும் கூட வேண்டும். இருப்பவர் தலையிலேயே இதையும் சுமத்துவது நியாயமல்ல.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமே! பேராசிரியர்கள் இசைந்தால் ஒரு செவிலியரை அழைக்கலாம். சித்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பீடித் தட்டை இறக்கிவைக்கும் அந்த ஒரு நாளின் கூலியைக் கல்லூரி கொடுத்துவிட வேண்டும்.