வாயைத் திறந்து பார்ப்பவர் யார்?

வயிற்றிலோ நுரையீரலிலோ தோன்றும் புற்றுநோயைக் காண்பதற்குக் கதிர்ப்படங்களும் விலைமிக்க கருவிகளும் வேண்டும். வாயில் தோன்றுவதைக் காண்பதற்கு ஒரு ரோர்ச் லைற்றும் ஒரு சிறு கண்ணாடியும் பார்க்கப் பழகிய இரு கண்களுமே போதும். இருந்தும் இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கின்றது. நோயாளர் பலர் கழுத்திலே கட்டி கிளம்பிய பின்னரே வைத்தியசாலைப் படியேறுகின்றனர். கண்ணுக்கு எட்டும் நோய் காணப்படாமற் போவதேன்?

கற்றோரிடம் இதற்கு ஆயத்தமான விடையொன்று உண்டு: "வெற்றிலை போடுகிறார்கள், சொன்னாற் கேட்பதில்லை." இது பாதி உண்மை. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985 இல் எடுத்துரைத்தது. புகையிலையின்றியும் அது தீங்கே, பாக்கே புற்றுநோய்க்கு ஏதுவாகும் என 2004 இல் வகைப்படுத்தியது. எனவே தாம்பூலம் மங்கலப் பொருள் என்று வாதிடுவோருக்கு நாம் துணைபோக முடியாது. ஆயினும், நோய் தோன்றியதற்கான காரணம் வேறு. அது பிந்திக் கண்டறியப்பட்டதற்கான காரணம் வேறு. முன்னையது பழக்கத்தின் குற்றம். பின்னையது எமது குற்றம்.

இந்நோய் பெரும்பாலும் முன்னறிவித்தே வருகின்றது. கன்னத்தின் உட்புறத்தே சுரண்டினாலும் நீங்காத வெண்படலம், நாவிலோ ஈறிலோ தோன்றும் செந்திட்டு, வாயைத் திறக்கவொட்டாது இறுகும் தசை, இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் ஆகியன அதன் அறிகுறிகள். தொடக்கத்தில் நோவு இல்லாமையால் நோயாளி அஞ்சுவதில்லை. சிறு இழையத் துணுக்கொன்றை எடுத்துச் சோதித்தால் ஐயம் தீரும். இந்நிலையிற் சத்திர சிகிச்சை எளிது. பிந்தினால் தாடையையும் நாவையும் இழந்தும் உயிர் மிஞ்சாது போகலாம்.

இதனைக் கண்டறிய நிபுணரே வேண்டுமென்பதும் இல்லை. எமது நாட்டுக் கிராமப்புறங்களிலே பயிற்றப்பட்ட ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 28 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் வாய்களைச் சோதித்து, ஐயத்துக்குரியோரைப் பிரித்தறிந்தனர் என்பதை 1984 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கேரளத்தில் நிகழ்ந்த பெரும் ஆய்வோ, இத்தகைய சோதனையாற் புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் குறைந்தமையை 2005 இல் நிறுவியது.

ஆனால் இலங்கை ஆய்வு கூறும் இன்னொரு செய்தியை நாம் வசதியாக மறந்துவிடுகின்றோம்: மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கு சென்று சேரவேயில்லை. அவர்களை அறியாமை தடுத்ததென்று சொல்லி அமைதி காண்பதா? கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி நகரத்து வைத்தியசாலைக்குச் செல்வதானால் ஒரு நாட் 'பேரை' இழக்கவேண்டும். பஸ் கட்டணமும் வேண்டும். நோவில்லாத ஒரு வெண்திட்டுக்காக இவ்வளவையும் இழக்கும்படி எவர் அவளுக்கு விளங்க வைத்தார்? அவள் கையிற் கொடுக்கப்படும் துண்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயின் அது அவளோடு என்ன பேசும்?

19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அந்த மரபை மேடைகளிற் புகழ்கின்ற நாம், "இந்தப் புண் ஆறாவிட்டால் மீண்டும் வா" என்பதை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுக்கவும் தவறுகின்றோம்.

எனவே நாம் கோருவன மூன்று. எந்த நோய்க்காக வருபவராயினும் வெற்றிலை, புகையிலை, மதுப் பழக்கமுடையோரின் வாயை ஒவ்வொரு வைத்தியரும் திறந்து பார்த்தல் வேண்டும். மேற்பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குத் தொழிலாளிக்குச் சம்பளம் வழங்கப்படல் வேண்டும். நோயாளிக்குரிய குறிப்பு அவரது மொழியில் அமைதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. இவற்றைச் செய்யாதவரை, வெற்றிலையைப் பழிப்பதற்கு எமக்குப் பாதி உரிமையே உண்டு.