கைவேலையா, கூலிவேலையா?

பெண்களின் கைப்பணிக் கண்காட்சிகளைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு சொல் தவறாது இடம்பெறுகிறது: 'ஓய்வுநேரம்'. ஓய்வுநேரத்தில் துண்டுத் துணிகளை இணைத்து விரிப்புச் செய்தாள், ஓய்வுநேரத்தில் கைப்பை தைத்தாள், ஓய்வுநேரத்தில் தலையணை உறைக்குப் பூவேலை செய்தாள் என்றெல்லாம் எழுதுவோர், அந்த ஓய்வு எந்நேரத்தில் வந்து சேர்கிறது என்று கேட்பதில்லை. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டை வீதியிலுள்ள எங்கள் குச்சவெளியில் அது பெரும்பாலும் பிள்ளைகள் உறங்கிய பின்னரே வருகிறது. சமைத்து, தண்ணீர் சுமந்து, முதியவரைப் பேணி முடித்தபின் எஞ்சும் இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஓய்வு என்று பெயரிட்டவன் எவனாயினும், அவன் அந்த வேலையைச் செய்தவனல்லன்.

இந்தப் பெயரீடு வெறும் அறியாமையா? அன்று. அதில் ஒரு வர்க்கத்தின் இலாபம் இருக்கிறது. ஓய்வுநேர வேலைக்குக் கூலி கேட்பது அநாகரிகம். பொழுதுபோக்குக்கு யார் சம்பளம் கொடுப்பார்?

2004 டிசம்பர் 26இல் கடல் இக்கரையை அழித்தது. அதற்கு முன்னும் பின்னும் போர் மக்களை ஊர் ஊராக விரட்டியது. 2009இல் போர் முடிந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் 'வாழ்வாதார உதவி' என்ற பெயரில் பெண்களுக்குக் கிடைத்தவற்றுள் கோழிக்குஞ்சுகளும் தையல் இயந்திரங்களும் முன்னின்றன. இயந்திரம் கொடுத்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். தைத்ததை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதைச் சந்தையின் கருணைக்கு விட்டுவிட்டார்கள். சந்தைக்குக் கருணை உண்டென்று எந்த நூலில் படித்தார்களோ, தெரியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துண்டுத் துணிகளைப் பொருத்தி, உட்துணி வைத்து, பிடி தைத்து, ஒரு கைப்பையை முடிக்க நான்கு மணிநேரம் செல்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதனை வியாபாரி 600 ரூபாய்க்கு எடுக்கிறார். துணி, நூல், சிப், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 300 ரூபாய். மிஞ்சுவது மணிக்கு 75 ரூபாய். 2025 ஏப்ரலில் இந்நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எட்டு மணிநேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 135 ரூபாய். நம் கணக்கிலுள்ள 'சுயதொழில் முனைவோர்' அந்தக் கடைநிலைக் கூலியின் பாதியைச் சற்றே தாண்டுகிறார். இயந்திரத் தேய்மானத்தையும் விற்காமற் கிடக்கும் பைகளையும் இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தது. ஆனால் அது முதலாளி ஒருவரிடம் வேலை செய்பவருக்கானது. இவளுக்கு முதலாளி இல்லை. ஆகவே சட்டமும் இல்லை.

முதலாளி உண்மையில் இல்லையா? ஆந்திரத்தின் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகிறது. பாதிரிமார் குடும்பங்கள் கற்றுக்கொடுத்த பின்னல் அங்கே ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஒருத்தி பூவைப் பின்னுவாள். மற்றொருத்தி பூக்களை இணைப்பாள். முழுப்பொருள் வியாபாரியின் கையிலேதான் உருப்பெறும். வீட்டுவேலைக்கு மேலாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் உழைத்த அப்பெண்கள் பெற்றது விவசாயக் கூலியின் குறைந்தபட்ச அளவுக்கும் மிகக் கீழானது. ஊரார் கண்ணில் அவர்கள் தொழிலாளரல்லர்; வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள்! பொருள் கடல் கடந்தது. பின்னியவள் வாசற்படி கடக்கவில்லை.

குச்சவெளியில் இதனுடன் கடனும் சேர்கிறது. இயந்திரத்துக்குக் கடன், துணிக்குக் கடன், அக்கடனின் வட்டியைக் கட்ட இன்னொரு கடன். நுண்கடனின் கொடுமை பொறுக்கமுடியாத நிலையை எட்டியபோது, 2018இல் அரசாங்கமே வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. சுயதொழிலின் சுயம் யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைத்ததில்லை.

'கலையை விலையால் அளக்காதீர்கள். தைப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இருக்கிறது' என்பர் சிலர். இருக்கட்டும். நிறத்தோடு நிறம் பொருந்தும்போது விரல்களுக்குள் ஓடும் இன்பத்தை நான் மறுக்கவில்லை. பாடம் நடத்துவதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. அதன்பொருட்டுச் சம்பளத்தில் ஒரு சதம் குறைத்துக்கொள்ள நான் உடன்பட்டதில்லை, நீங்களும் உடன்பட்டிருக்க மாட்டீர்கள்.

நம் அணியிலேயே வேறொரு குரலும் கேட்கிறது. இது அழிந்துபோகும் சிறு உற்பத்தி, இதற்காக ஏன் மினக்கெடவேண்டும், ஆலைத் தொழிலாளியே வர்க்கப் போராட்டத்தின் முன்னணி என்கிறார்கள். தோழர்களே, வாயிற்கூட்டம் நடத்துவதற்கு ஆலைவாயில் இல்லை என்பதற்காக உழைப்பாளியே இல்லையென்று முடிவு செய்துவிட்டீர்களா? 1972இல் அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 'சேவா' அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிய முயன்றபோது, முதலாளியே இல்லாதவர் யாரை எதிர்த்துப் போராடுவார் என்று அதிகாரிகள் மறுத்தனர். சங்கம் தொழிலாளரின் ஒற்றுமைக்காக என்று வாதாடி அவர் பதிவு பெற்றார். அதிகாரிகள் அன்று கேட்ட கேள்வியையே இடதுசாரிகள் இன்று கேட்பது வெட்கத்துக்குரியது.

ஊசி மென்மையான கருவி என்ற எண்ணத்துக்கும் மறுப்பு உண்டு. 1973இல் சிலியில் பினோசே ஆட்சியைக் கைப்பற்றியபின், காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் துண்டுத் துணிகளால் 'அர்பில்யேரா' என்னும் படங்களைத் தைத்தார்கள். கைதுகளையும் பசியையும் பொதுச்சமையலையும் அத்துணிகள் காட்டின. தேவாலயத்தின் ஆதரவில் கூடியிருந்து தைத்தார்கள். அவை இரகசியமாக வெளிநாடு சென்று விலையாகி, வருமானம் வீடுகளுக்குத் திரும்பிற்று. வியாபாரி கேட்ட பூவையும் கிளியையும் அவர்கள் தைக்கவில்லை. தாம் கண்டதைத் தைத்தார்கள். 2017 முதல் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியில் அமர்ந்து கேட்ட மாவட்டம் திருகோணமலை. நம் பெண்களின் துணியில் இன்னும் ஏன் மயிலும் தாமரையும் மட்டுமே இருக்கின்றன?

வீட்டிலிருந்து பிறருக்காகத் தொழில் செய்வோரையும் மற்றைய கூலியாளருக்குச் சமமாக நடத்தவேண்டும் எனும் 177ஆம் இலக்கச் சமவாயத்தைச் சர்வதேச தொழில் தாபனம் 1996இல் நிறைவேற்றியது. 2000இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதனை ஏற்று உறுதிசெய்யவில்லை, இந்தியாவும் செய்யவில்லை. இந்தக் கோரிக்கையை எந்த மே தினப் பதாகையிலேனும் கண்டோமா? துணியை மொத்தமாக வாங்கவும், மணிக்கணக்கில் விலை குறிக்கவும், நிலாவெளி விடுதிகளோடு ஒருமித்துப் பேரம் பேசவும் கூட்டுறவுச் சங்கமொன்று குச்சவெளிக்கு வேண்டும். அதுவரை ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று: பாடசாலைக் கைப்பணிக் கண்காட்சியில் ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் மாணவியின் பெயருக்குக் கீழே, அதற்குச் சென்ற மணிநேரத்தையும் அம்மணிநேரத்துக்குரிய கூலியையும் எழுதச் சொல்லுங்கள். பிரதம விருந்தினர் அதை வாசிக்கட்டும்.