அடுப்பங்கரைக் கப்புச்சினோவும் ஊர்க் கருப்பட்டியும்

உண்பதும் பருகுவதும் அற்பக் காரியங்கள் என்று கற்றோருள் சிலர் கருதுவர். ஆயினும் ஒரு குடும்பத்தின் வரவு செலவும், அதன் விருந்தோம்பலும், ஓர் ஊரார் தம் அயலாரின் உழைப்பை மதிக்கும் முறையும் பெரும்பாலும் அடுப்பங்கரையிலேயே வெளிப்படுகின்றன. ஆகையால் காப்பியைக் குறித்து யான் சில வார்த்தைகள் எழுதத் துணிந்ததை நம் கல்லூரி அன்பர்கள் குற்றமாகக் கொள்ளார் என நம்புகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் சொந்த ஊராகிய மாரியூருக்குச் சென்றிருந்தேன். முகவை மாவட்டத்துக் கடலோரத்தில், மணலும் பனையும் உவர்நீரும் சூழ்ந்த சிற்றூர் அது. பட்டணத்தில் வாங்கிய அடுப்புக் காப்பிக் கலம் ஒன்றை உடன் கொண்டு போனேன். என் அப்பத்தா வழக்கம்போல் கருப்பட்டிக் காப்பியைச் செம்பில் கொண்டுவந்து வைத்தாள். யானோ அதனைத் தொடாமல், “மெய்யான காப்பி எப்படி இருக்கும் என்று இன்றைக்கு நான் காட்டுகிறேன், அப்பத்தா” என்று கூறி, நுரை பொங்கும் கப்புச்சினோவைச் செய்து கொடுத்தேன். அவள் அதைப் பருகிவிட்டு, “நுரை நல்லாத்தான் இருக்கு, அப்பு. ஆனா சீனியை எதுக்குக் காசு கொடுத்து வாங்கினே? எதிர்வீட்டுக் கருப்பட்டி வாங்க ஆளில்லாமக் கிடக்கே” என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை அதற்கு யான் கூறும் விடை.

முதலில் அக்கலத்தின் இயல்பைக் கூறுவேன். அது 1933-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் அல்போன்சோ பியாலெத்தி என்பவரது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எண்பட்டை அலுமினியப் பாத்திரம். கீழறையில் நீர், நடுவிலுள்ள புனலில் காப்பித்தூள், மேலறை வெறுமை. நீர் கொதிக்கத் தொடங்குங்கால் உண்டாகும் ஆவியின் அழுத்தம் வெந்நீரைத் தூளினூடே மேலே தள்ளும். நம் பித்தளைப் பில்ட்டரில் நீர் தன் பாரத்தால் கீழே சொட்டுகின்றது; இதிலோ மேலே ஏறுகின்றது. வேற்றுமை அவ்வளவே. இதற்கு வழங்கும் மோக்கா என்னும் பெயர் ஏமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயராகும். பாபா புதன் என்னும் பெரியார் 17-ஆம் நூற்றாண்டில் காப்பி விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்ததும் அத்துறையிலிருந்தே என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

மெய்யை மறைத்தல் ஆகாது. கடைகளிலுள்ள பெரிய எந்திரம் ஏறக்குறைய 9 வளிமண்டல அழுத்தத்தில் காப்பியைப் பிழிகின்றது. அடுப்புக் கலத்தின் அழுத்தமோ ஒன்றிரண்டு மாத்திரமே. ஆகவே இதில் வருவது எஸ்பிரஸோ அன்று, திண்ணிய டிகாக்ஷன். எனினும் பாலொடு கூடுங்கால் அக்குறை பெரிதும் தோன்றாது.

செய்முறை எளிது. மூன்று கிண்ணக் கலத்திற்கு ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் நீரும் 15 கிராம் தூளும் போதும். நீர் காப்புத் துளைக்குக் கீழேயே நிற்றல் வேண்டும். உவர்நீர் சுவையைக் கெடுக்கும். ஆதலின் குடிநீரையே வார்க்க. தூளை அமுக்கலாகாது, மாவுபோல் நுண்ணிதாக அரைக்கவும் ஆகாது. இரண்டும் வழியை அடைக்கும். தணிந்த தீயில் வைத்து, மேலறையில் களகளவென்னும் ஒலி எழுந்தவுடன் இறக்கிவிடுக. தாமதித்தால் கைப்பு மிகும். பாலைப் பொங்கவிடாமல், விரல் பொறுக்கும் சூட்டைச் சற்றே கடந்தவுடன் இறக்குக. 60 முதல் 65 பாகை வரை சாலும். பின்னர் நம் வீட்டு மத்தைக் கொண்டே கடைக. பாலிலுள்ள புரதம் காற்றைப் பற்றிக்கொண்டு மெல்லிய நுரையாகும். காப்பி, பால், நுரை மூன்றும் ஏறக்குறைய சமபங்காகச் சேர்ந்தால் அதுவே கப்புச்சினோ. கப்புச்சின் துறவியர் அணியும் அங்கியின் பழுப்பு நிறத்தால் அப்பெயர் வந்தது.

இனிக் கருப்பட்டிக்கு வருவோம். முதன்முறை யான் அதனைக் கொதிக்கும் பாலில் இட்டேன். பால் திரிந்து வீணாயிற்று. அப்பத்தா நகைத்து வழி காட்டினாள். கருப்பட்டியைத் தட்டிச் சூடான டிகாக்ஷனில் கரைத்து, மணல் நீங்க வடிகட்டி, கொதி அடங்கிய பிறகு பாலைச் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்த பானத்தின் மணத்திற்கு ஈடாக யாதொரு கடையிலும் யான் பருகியதில்லை.

நிற்க. இது ‘நம்முடையது உயர்ந்தது, அயலது தாழ்ந்தது’ என்னும் வாதமோ எனச் சிலர் வினவலாம். அன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் காப்பியையே அந்நியப் பழக்கமென்றும், நீராகாரத்தைத் துரத்த வந்த பகையென்றும் நம்மவர் பலர் கண்டித்தனர். இன்றோ பில்ட்டர் காப்பியைத் தமிழரின் பரம்பரைச் சொத்தெனப் பேசுகின்றோம். ஆதலின் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு அதனை ஏற்பதும் தள்ளுவதும் அறிவுடைமை ஆகாது. அதற்காக நாம் கொடுக்கும் காசு யாரிடம் போய்ச் சேர்கின்றது என்பதையே ஆராய்தல் வேண்டும்.

பனையேறி ஒருவர் பருவகாலம் முழுவதும் காலையும் மாலையும் மரமேறுகின்றார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீரை இறக்குகின்றார். அவர் வீட்டுப் பெண்கள் வெயிலில் அதனை மணிக்கணக்காகக் காய்ச்சிச் சிரட்டைகளில் வார்க்கின்றனர். தவறி வீழ்ந்தால் உயிருக்கே உறுதியில்லாத தொழில் அது. பனையைத் தமிழ்நாட்டின் அரசு மரமென்று பாடத்தில் படித்து மதிப்பெண் பெறுகின்ற நாம், அம்மரம் தரும் இனிப்பை ஏழையின் பண்டமென்று ஒதுக்குகின்றோம். சீனி கலந்த போலிக் கருப்பட்டி மலிவாக விற்பதனால் மெய்யான சரக்குக்கு விலை கிடைப்பதும் அரிதாகின்றது. பட்டணத்துக் கடையில் ஒரு கிண்ணத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் தயங்காமல் கொடுக்கும் நாம், கருப்பட்டி விற்கும் கிழவியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகின்றோம். யானும் அவ்வாறு பேசியவனே, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

கருப்பட்டியும் இனிப்பே, அதனை மருந்தென மிகைப்படுத்தி அளவின்றி உண்ணுதல் ஆகாது. நீரிழிவுடையார்க்கு அஃதும் தீங்கே. ஒரு மாணவன் அருந்தும் காப்பியால் ஓர் ஊரின் வறுமை தீர்ந்துவிடும் என்றும் யான் கூறவில்லை. ஆயினும் ஆளுக்கொரு வட்டு, தெரிந்த பனையேறியிடமே, அவர் கேட்ட விலைக்கு வாங்கினால், அவ்வுழைப்பு இழிந்ததன்று என்பதை நம் கையாலேயே ஒப்புக்கொண்டவர் ஆவோம்.

ஆகவே விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கலத்தைத் தாராளமாய் வாங்கிச் செல்லுங்கள். நுரை பொங்கக் கடைந்து வீட்டாருக்கு முதலில் கொடுங்கள். ஆனால் அடுப்பருகே நெடுநாள் நின்றவர்களிடம் கற்பதற்கு இன்னும் உண்டென்பதை மறவாதீர்கள். எங்கள் வீட்டில் இப்பொழுது கலம் இத்தாலியது, தூள் சிக்கமகளூரது, கருப்பட்டி எதிர்வீட்டது. அப்பத்தா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் பருகினாள்.