தேய்ந்தது வேறு, இறுகியது வேறு

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. தேக்காவில் வாழையிலையும் பூவும் ஏற்றிக்கொண்டு எங்கள் சிறிய லாரியில் சைனாடவுன் போனோம். சவுத் பிரிட்ஜ் சாலையில், ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு அருகே சரக்கை இறக்கும்போது கருகல் வாடை வந்தது. பக்கத்துக் கடையில் ஏதோ வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டுநர் தம்பி குனிந்து பார்த்தார்.

"அண்ணே, முன்பக்க இடது சக்கரம் அனலா கொதிக்குது. வரும்போதே வண்டி இடப்பக்கமா இழுத்துச்சு."

வலது சக்கரத்தில் சாதாரணச் சூடுதான். இடப்பக்கமோ, ஒரு சாண் தள்ளி நீட்டிய கையே சுட்டது. தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டேன். "வேணாம்ணே, டிஸ்க் கோணிடும், விரிசலும் விடலாம்" என்று தடுத்தார்.

மெதுவாக ஓட்டிப் போய்விடலாமே என்று எனக்கு ஆசை. ஆனால் அன்று மாலை இதே லாரியில்தான் எங்கள் சமையற்கூட ஊழியர்கள் எட்டுப் பேர் தங்கும் விடுதிக்குத் திரும்ப வேண்டும். இழுவை வண்டியை அழைத்தோம்.

பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டி நிற்கத்தானே செய்யும் என்று பலர் நினைக்கிறோம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய திரவத்துக்கோ அந்த வரம்பு 140 டிகிரிதான். உரசும் சக்கரத்தின் சூட்டில் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடலை மிதித்தால் ஆவிதான் அழுங்கும். தேவையான நேரத்தில் பிரேக் பிடிக்காது.

காக்கி புக்கிட் பட்டறையில் மெக்கானிக் அங்கிள் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. கேலிப்பரில் காற்றெடுக்கும் திருகைச் சற்றே தளர்த்தினார். சில சொட்டுத் திரவம் வந்தது. சக்கரம் அப்போதும் அசையவில்லை. "திருகைத் திறந்ததும் சக்கரம் சுற்றினால் ஹோஸ் அடைத்துத் திரவம் திரும்பாமல் நிற்கிறது என்று பொருள். இது கேலிப்பரேதான்" என்றார்.

கழற்றியதும் காரணம் தெரிந்தது. உள்பக்க பேட் தகடுவரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்க பேட் ஏறக்குறைய புதிது. பிஸ்டன் தடையில்லாமல் உள்ளே போனது. கேலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் இரண்டு பின்களில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, மழைநீர் புகுந்திருந்தது.

இரண்டு மாதம் முன்பு பிரேக்கில் சத்தம் வந்தபோது வேறொரு பட்டறையில் பேட் மட்டும் மாற்றினோம். "பின்னையும் பார்க்கச் சொல்லவாண்ணே?" என்று தம்பி அன்றே கேட்டார். சத்தம் நின்றால் போதும் என்றது நான்தான்.

அங்கிள் புதிய பின்கள், பூட்டுகள் போட்டு, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினார். சூட்டில் நீலம் பாய்ந்திருந்த டிஸ்க்கோடு சேர்த்து வலப்பக்க டிஸ்க்கையும் மாற்றினார். இரு பக்கமும் புதிய பேட். திரவம் முழுவதும் புதிது. காற்றெடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகே சாவியைத் தந்தார். கிழிந்த பூட்டின் விலை சில வெள்ளிதான். அதைக் கவனிக்காததால் அன்று நூற்றுக்கணக்கில் செலவு.

பத்து வயதுக்குக் குறைந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அதைத் தாண்டியதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை உண்டு. இரண்டு சோதனைகளுக்கு இடையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. பேட் தேய்ந்தால் மாற்றுங்கள். அது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்றும் கேளுங்கள்.

எட்டுப் பேரும் அன்று வாடகை வேனில் திரும்பினார்கள். இப்போதெல்லாம் வண்டியைப் பற்றித் தம்பி ஒன்று சொன்னால், முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் செலவைக் கேட்கிறேன்.